மீனுக்கும் உண்டு இஹ்ஸான்

சென்ற மாதம் ஒரு வாசகச் சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். அவருடைய மூத்த மகள் மீன்வளப் படிப்புப் படிக்கிறாள். அங்கே ஆராய்ச்சிக்காக மீன்களைக் கொன்று, ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றிலிருந்து சிறு சிறு துண்டுகளை எடுத்துச் சோதிக்கிறார்களாம். முதல் நாள் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்த பெண் இரவில் சாப்பிட உட்காரவில்லை. "உம்மா, தின்பதற்காகக்கூட இல்லாமல் ஓர் உயிரை எடுத்துவிட்டேனே, நாளை மறுமையில் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே, "மீனுக்கு அறுப்பே கிடையாது ராத்தா. கரையில் போட்டால் தானாகச் சாகிறது. இதில் என்ன பாவம்?" என்றானாம். இருவரில் யார் சொல்வது சரி என்று தாய்க்குப் புரியவில்லை. நம்மிடம் கேட்டிருக்கிறார்.

அவருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டோம். ஆயினும் இது ஒரு வீட்டோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல. மீன் சமைக்காத வீடு நம்மில் அரிது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இல்லாத வீடும் இன்று அரிதாகி வருகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

எதற்காக எடுக்கிறார்கள்?

ஒரு காரியத்தின் நன்மை தீமையைப் பேசுமுன் அதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். மீனின் தசையையும் ஈரலையும் ஏன் சோதிக்கிறார்கள்?

ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். 1956-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி, அங்கிருந்த ஆலை மருத்துவமனையிலிருந்து சுகாதார அலுவலகத்துக்கு ஒரு தகவல் போயிற்று. காரணம் தெரியாத நரம்பு நோயொன்று ஊரில் பரவுகிறது என்பதே அது. கை கால் நடுங்கின, பேச்சுக் குழறிற்று, பார்வை குறுகிற்று. அந்தக் காலத்திலேயே ஊர்ப் பூனைகளும் நிலை தடுமாறிச் சுழன்று செத்து விழுந்தன. சிஸ்ஸோ என்னும் ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் பாதரசம் கலந்திருந்தது. அது மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, அவற்றைத் தின்ற மனிதர்களின் மூளையைத் தாக்கியது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் அது விட்டுவைக்கவில்லை.

ஆலை மருத்துவமனையின் தலைமை மருத்துவரான ஹோசோகாவா, ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959-இல் நடந்தது இது. 400 என்று எண்ணிடப்பட்டிருந்த அந்தப் பூனைக்கும் அதே நோய் கண்டது. உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் ஆலை நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. கழிவு தொடர்ந்து கடலில் கலந்துகொண்டே இருந்தது. அரசாங்கம் நோயின் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல்தான். பூனைச் சோதனையைப் பற்றி அந்த மருத்துவர் 1970-இல் நோய்ப் படுக்கையிலிருந்து சாட்சியம் அளித்தார்.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நீரில் வாழும் ஜீவனின் உடலைச் சோதித்து அறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல, மனித உயிரைக் காக்கும் காரியமாகவும் இருக்கக்கூடும் என்பது முதல் பாடம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்கிறது, கர்ப்பிணிப் பெண்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அந்த அறிவு மீன் தசையைச் சோதித்ததால் வந்தது. கத்தாளை மீனின் தலைக்குள் வெள்ளைக் கல் இருப்பதை நம் பெண்கள் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான மீன்களுக்குச் சிறிதும் பெரிதுமாக அந்தக் கல் உண்டு. மர வளையத்தைப் போல் அதிலுள்ள வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். கடலில் எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவுகிறது. மீனைக் கொல்லாமல் அந்தக் கல்லை எடுக்க முடியாது.

இரண்டாவது பாடம் இன்னும் பெரிது. அறிவுக்காக ஓர் உயிரை வருத்தினால், கிடைத்த அறிவு அமானத் ஆகிவிடுகிறது. அதை மறைத்தால் அந்த உயிர் வீணாக மாய்க்கப்பட்டதாகும். மினமாட்டாவில் அந்தப் பூனைக்கு இழைத்த அநீதி அது பட்ட வேதனையோடு முடியவில்லை. அது உயிரைக் கொடுத்துச் சொன்ன உண்மையை மனிதர்கள் புதைத்தார்களே, அதுவும் அநீதிதான்.

அறுப்பு இல்லையென்றால் கடமையும் இல்லையா?

இனி அந்தத் தம்பியின் வாதத்துக்கு வருவோம். மீனுக்கு அறுப்பு விதிக்கப்படவில்லை என்பது உண்மை. கடலின் வேட்டை நமக்கு ஹலால் ஆக்கப்பட்டிருக்கிறது. தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டே தவிர, மீனை அறுக்க வேண்டியதில்லை என்பதில் வேற்றுமை இல்லை.

ஆனால் இதிலிருந்து, மீனை எப்படி வேண்டுமானாலும் சாகடிக்கலாம் என்று முடிவு கட்டுவது தவறு. உண்பது ஹலாலா என்பது ஒரு கேள்வி. உயிர் போகும் விதத்தில் நாம் நல்லவர்களாக நடந்துகொண்டோமா என்பது வேறொரு கேள்வி. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான ஹதீஸை நாம் எல்லோரும் குர்பானி நாட்களில் கேட்டிருக்கிறோம். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸான் என்னும் அழகிய நடத்தை விதிக்கப்பட்டிருப்பதையும், கத்தியைத் தீட்டி அறுக்கப்படும் பிராணிக்கு ஆறுதல் அளிக்க வேண்டும் என்பதையும் அது கற்பிக்கிறது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கத்ல்' என்னும் கொல்லுதல், 'தப்ஹ்' என்னும் அறுத்தல் ஆகிய இரண்டும் அங்கே தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன. இரண்டிலுமே இஹ்ஸான் கட்டளையிடப்படுகிறது. மீன் அறுக்கப்படுவதில்லை; சரி. ஆனால் அது கொல்லப்படுகிறது அல்லவா? அறுப்பின் சட்டத்திலிருந்து அது விலக்குப் பெற்றிருக்கலாம். இஹ்ஸானிலிருந்து அதை யாரும் விலக்கவில்லை.

நமது ஃபிக்ஹு நூல்களை எழுதிய பெரியோர்கள் இதை மறக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் ஓர் அருமையான விளக்கம் காணப்படுகிறது. மீனை அறுப்பது பொதுவாக மக்ரூஹ். ஆயினும் வெளியே எடுத்த பிறகும் நெடுநேரம் உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும் பெரிய மீனாக இருந்தால், அதை அறுத்துவிடுவது விரும்பத்தக்கது. காரணம் என்ன? அதற்கு அந்த வேதனையிலிருந்து ஓய்வு கொடுப்பது. அந்த மீன் அறுக்காமலேயே ஹலால். உண்பவருக்கு அறுப்பினால் எந்த லாபமும் இல்லை. லாபம் முழுவதும் மீனுக்கு! பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மேதைகள் ஒரு மீனின் கடைசி நிமிடங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

நோக்கம் நல்லதாக இருந்தால் எந்த உயிரையும் எடுத்துவிடலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கொல்ல வேண்டாம் என்று தடுத்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மருத்துவம் என்ற பெயர் மட்டுமே எல்லாக் கதவையும் திறந்துவிடாது என்பதற்கு இது சான்று. மீன் நம் பயனுக்கு அனுமதிக்கப்பட்ட ஜீவன். அந்த அனுமதி தேவைக்கு உரியது, வீண் செயலுக்கு உரியதல்ல.

வாயில்லா ஜீவனுக்கு வலி தெரியுமா?

ஆடு கத்துகிறது, கோழி அலறுகிறது, நம் மனம் இளகுகிறது. மீனுக்குக் குரல் இல்லை. இமை இல்லாததால் கண் மூடுவதும் இல்லை. ஆகவே அதற்கு ஒன்றும் தெரியாது என்று நாமாக முடிவு செய்துவிட்டோம்.

2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் எடின்பரோவில் செய்த ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. டிரௌட் என்னும் மீன்களின் உதட்டில் சிலவற்றுக்குத் தேனீ விஷத்தையும், சிலவற்றுக்குக் காடியிலுள்ள அமிலத்தையும் ஊசியால் செலுத்தினார்கள். வேறு சிலவற்றுக்கு வெறும் உப்பு நீரைச் செலுத்தினார்கள். விஷமோ அமிலமோ ஏறிய மீன்கள் பக்கவாட்டில் ஆடின. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. வலி நீக்கியான மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன.

மறுப்பவர்களும் உண்டு. மனிதனுக்கும் ஆடு மாடுகளுக்கும் இருப்பது போன்ற மூளையின் மேற்புறணி மீனுக்கு இல்லை. ஆகவே அது காட்டுவது அனிச்சைச் செயல்தான், வலியை உணர்வதல்ல என்று அமெரிக்கரான ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் வாதித்தார்கள். ஒரு மீனின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முழுமையாக அறிந்தவன் அதைப் படைத்தவன் ஒருவனே.

சரி, இரு தரப்பும் இருக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது? சாப்பாட்டிலும் கொடுக்கல் வாங்கலிலும் சந்தேகம் வந்தால் பேணுதலான பக்கத்தைப் பிடிக்கிறோம். இதிலும் அதே வழிதான். மீனுக்கு வலி இல்லை என்று நம்பி நாம் தவறியிருந்தால், எத்தனையோ ஜீவன்களை வதைத்த குற்றம் நம் தலையில் விழும். வலி உண்டு என்று எண்ணிக் கவனமாக நடந்து, பிறகு அது தவறென்று தெரிந்தாலும் நமக்கு நஷ்டம் என்ன? சில நிமிட நேரமும் ஒரு சிட்டிகை மருந்தும்தானே!

எப்படிச் செய்வது?

கொல்லுவதில் இஹ்ஸான் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கத்தியைத் தீட்டு என்பது எவ்வளவு தெளிவான செயல்! மீன் விஷயத்தில் கத்தியைத் தீட்டுவதற்கு ஈடான செயல் எது?

மீனை வெளியே போட்டு மூச்சுத் திணறிச் சாக விடுவது நல்ல முறை அல்ல. அது பல நிமிடங்கள் நீடிக்கும் அவஸ்தை. குளிர்ந்த நீரில் வாழும் மீனைப் பனிக்கட்டியில் போட்டால் அந்த அவஸ்தை குறைவதற்குப் பதிலாக நீளக்கூடும். தலையை மட்டும் துண்டித்துவிட்டால் உடனே முடிந்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. மீனின் மூளை குறைந்த பிராணவாயுவைத் தாங்கும் தன்மை கொண்டது. துண்டித்த பின்னும் சிறிது நேரம் உணர்வு இருக்கக்கூடும் என்பதால், மூளையையும் உடனே சிதைத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் எம்.எஸ். 222 என்னும் வெள்ளைத் தூளைப் பயன்படுத்துகிறார்கள். லிட்டர் நீருக்கு 250 முதல் 500 மில்லிகிராம் வரை கரைப்பது வழக்கம். அது நீரைப் புளிப்பாக்கும். அந்தப் புளிப்பு மீனுக்கு எரிச்சல் தரும். ஆகவே சமையல் சோடாவைச் சேர்த்து முதலில் நீரைச் சமப்படுத்த வேண்டும். சோம்பலினால் இதை விட்டுவிடுபவர் மழுங்கிய கத்தியால் அறுப்பவருக்குச் சமம். கிராம்புத் தைலத்திலுள்ள சத்தையும் இதே வேலைக்குப் பயன்படுத்துவதுண்டு. பல்வலிக்கு நம் வீடுகளில் வைக்கும் அதே கிராம்புதான். மருந்து நீர், மீன் வாழ்ந்த நீரின் சூட்டிலேயே இருக்க வேண்டும். மீனைத் துரத்தி அலைக்கழிக்காமல் மெதுவாக மாற்ற வேண்டும்.

மீன் சாய்ந்துவிட்டது என்பதற்காக உடனே கத்தியை எடுக்கக் கூடாது. மயக்கம் வேறு, மரணம் வேறு. செவுள் அசைவு நின்ற பின்னும் குறைந்தது 10 நிமிடம் அந்த நீரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்லி வந்திருக்கின்றன. பிறகு மூளையைச் சிதைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்து சேர்ந்தால் சோதனை கெடும் என்ற நிலையில், கைப்பழக்கம் உள்ளவர் மண்டையில் ஒரே உறுதியான அடியால் நினைவிழக்கச் செய்து, உடனே மூளையைச் சிதைப்பார். பழகாத கையால் இதைச் செய்யக் கூடாது. செத்த மீனில் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். மருந்தால் மாய்ந்த மீனை மனிதரும் உண்ணலாகாது, பூனை காக்கைக்கும் போடலாகாது.

இதில் அல்லாஹ்வின் ஒரு ஹிக்மத்தையும் காண்கிறோம். துரத்தப்பட்டுத் திணறிச் செத்த மீனின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் சுரப்பும் சர்க்கரையும் ஏறிவிடுகின்றன. தசையில் அமிலம் கூடிவிடுகிறது. அந்தத் துண்டைச் சோதித்தால் மீனின் இயல்பான நிலை தெரியாது, அது பட்ட பாடுதான் தெரியும். அமைதியாக மாய்ந்த மீனே உண்மையைச் சொல்கிறது. ஆனால் சோதனை நன்றாக வரும் என்பதற்காக மட்டும் இரக்கம் காட்டுபவர், பலன் இல்லாத இடத்தில் இரக்கத்தையும் விட்டுவிடுவார். பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டப்படுவதே இஹ்ஸான்.

எடுக்காமல் முடியுமா?

வதையின்றிக் கொல்வது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், கொல்லத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் ஒரு நூலில் மூன்று நெறிகளை வகுத்தார்கள். உயிருள்ள பிராணிக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதைக் கையாளுவது. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பது. அதிலும் வேதனையைக் குறைப்பது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த நெறிகள் இன்று பேசப்படுகின்றன.

பரம்பரைக் கூறுகளை அறிய மீனின் துடுப்பு ஓரத்தில் ஒரு சிறு துணுக்குப் போதும். மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடலாம். பாதரசத்தை அளக்கச் சிறிதளவு தசையை மட்டும் எடுத்து மீனைப் பிழைக்க விடும் முறையும் உண்டு. பல சோதனைகளுக்குச் சந்தையில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் மீனே போதும். ஈரல், மூளை, தலைக்கல் ஆகியவை தேவைப்படும் இடத்தில்தான் உயிரை எடுக்கும் பேச்சு வர வேண்டும். அங்கும் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 20 போதும் என்ற இடத்தில் 50-ஐக் கொல்வது விரயம். 20 வேண்டிய இடத்தில் 5-ஐக் கொன்று ஒரு முடிவுக்கும் வர முடியாமல் போவதும் விரயமே. அந்த ஐந்தும் ஒன்றுக்கும் ஆகாமல் போயின.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எந்த உயிருள்ள ஜீவனையும் பிராணி என்றே கொள்கிறது. மீனும் அதில் அடக்கம். புத்தகம், மாதிரிப் பொம்மை, திரைப்படம் ஆகியவற்றால் அதே பாடத்தைக் கற்பிக்க முடியுமானால், கல்லூரிகளில் பிராணிகள்மீது பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் 17-ஆம் பிரிவில் அடங்கிய கருத்து. ஆகவே நம் பிள்ளைகள் ஆசிரியரிடம் மரியாதையோடு, "ஐயா, இதை வேறு விதமாகச் செய்யலாமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆய்வுக்கூடமும் அடுக்களையும்

"கடலில் வலை வலையாக மீன்கள் திணறிச் சாகின்றனவே, ஆய்வுக்கூடத்தில் ஒரு மீனுக்கு இத்தனை விசாரமா?" என்று அந்தத் தம்பி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வலையில் ஆயிரக்கணக்கில் ஏறும் மீனுக்கு ஒவ்வொன்றாகச் செய்ய மீனவருக்கு இயலாமல் இருக்கலாம். அல்லாஹ் யார்மீதும் சக்திக்கு மீறிய சுமையை வைப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு மீன் கையில் இருக்கும்போது, நேரமும் மருந்தும் அறிவும் பக்கத்தில் இருக்கும்போது, இயலவில்லை என்று சொல்ல முடியுமா? வசதி கூடக் கூடப் பொறுப்பும் கூடுகிறது.

நம் அடுக்களைக்கும் இது பொருந்தும். விரால் மீனை உயிரோடு வாங்கிப் பானையில் வைத்திருக்கிறோம். அது வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன். வெளியே போட்டாலும் எளிதில் சாகாது. அது துடிக்கத் துடிக்கவே சாம்பலில் புரட்டிச் செதிளைச் சுரண்டுகிறவர்கள் உண்டு. நம் பெரியோர்கள் ஓய்வு கொடுக்கச் சொன்னார்களே, நெடுநேரம் துடிக்கும் மீன், அது இதுதான்! மண்டையில் ஒரே பலமான அடி அடித்து அடங்கச் செய்துவிட்டு, பிறகு செதிள் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பெண்மகளுக்கு நாம் சொல்வது இதுதான். மகளே, உன் கண் கலங்கியது பலவீனமல்ல, அது ரஹ்மத். பழகப் பழக அது வறண்டுபோகாமல் பார்த்துக்கொள். ஒவ்வொரு முறையும் உன்னை நீயே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்: இது உண்மையில் தேவையா? இதைவிடக் குறைவாகப் போதுமா? இதைவிட மென்மையாக முடியுமா? கிடைத்த முடிவைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேனா? நான்குக்கும் அல்லாஹ்வை முன்னிறுத்தி நேர்மையாகப் பதில் சொல்ல முடியுமானால், மக்களின் நலனை நிய்யத்தாகக் கொண்டு உன் வேலையைச் செய். முடியாவிட்டால் கையை எடுத்துவிடு. குறிப்பிட்ட சட்டச் சந்தேகங்களுக்கு உன் ஊர் ஆலிம்களைக் கேட்டுக்கொள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. மீனுக்கு அறுப்பு இல்லை என்று நீ சொன்னது சரியே. சட்டம் கத்தியைக் கேட்காத இடத்தில் இரக்கம் முழுவதும் நம் மனச்சாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அங்கேதான் நம்முடைய உண்மையான குணம் வெளியாகிறது.

குரலுள்ள ஜீவனிடமும் குரலில்லா ஜீவனிடமும் ஒன்றுபோல் இரக்கத்தோடு நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.